மானிப்பாயில் விதைத்ததும் மாத்தளையில் வேண்டுவதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்களை நாடிய தென்னிந்தியத் தொழிலாளர், மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதிக்கு வழியிலேயே இரையானோர் பலர். அவர்தம் மொழியில் நோயை விசாரித்தறியும் மேலை மருத்துவர் அரியராயிருந்த அக்காலத்திலேதான், வடக்கே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சி உருவாயிற்று.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். ஆங்கிலம் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடுவர். தமிழிற் பயின்றோரோ கிராமங்களில் நிலைத்துப் பணிபுரிவர் என்பது அவர் கருத்தாகும். 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் நூலாக்கத்தைக் கைவிடவில்லை. 'இரணவைத்தியம்' (1867), 'கெமிஸ்தம்' (1875) ஆகியன அவர் முயற்சிக்குச் சான்றுகளாம்.

எனினும், 1870 இல் கொழும்பில் நிறுவப்பட்ட அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டது. மானிப்பாய் வழி மங்கிற்று. கொழும்பு வழியே நிலைபெற்றது.

அதன் விளைவை இன்றும் காணலாம். உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிற் பயில இயலும். மருத்துவ பீடங்களிலோ போதனாமொழி ஆங்கிலமே. ஆகவே மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளை மருத்துவராவதற்கு முதலில் நல்ல உயிரியல் ஆசிரியரைப் பெறவேண்டும். பின்னர் மொழித் தடையையும் தாண்டவேண்டும். அயலிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகம் விடுமுறைக் காலங்களில் ஆசிரியருக்கும் மருத்துவம் நாடும் மாணவருக்கும் உயிரியல் வகுப்புகளைத் தமிழில் நடத்துமாயின், இவ்விரு தடைகளும் தளரும். மானிப்பாயில் தொடங்கிய பணி மலையகத்திற் பயன்தருவதும் அப்போதேயாம்.