கருப்பட்டி வண்டியும் கடலை மிட்டாயும்

சென்ற இதழில் கியோத்தோ நகரத்துக் குரோகாவா குடும்பத்தாரை, 1869-இல் சக்கரவர்த்தி தோக்கியோவுக்குப் பெயர்ந்தபோது தாமும் அவரைப் பின்தொடர்ந்து, பதினாறாம் நூற்றாண்டு முதல் தம் முன்னோர் காத்துவந்த ‘தொராயா’ என்னும் மிட்டாய்க் கடையின் பெயரையும் அரண்மனைப் பணியையும் புதிய தலைநகரில் நிலைநாட்டிய கட்டத்தில் விட்டு வந்தோம். இந்த வாரம் நம் கோவில்பட்டியில் 2020-ஆம் ஆண்டு நிகழ்ந்த திருப்பத்தைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அந்தத் திருப்பத்தைச் சொல்ல வேண்டுமானால் பனங்காட்டிலிருந்து புறப்பட்டுக் கரிசலைக் கடந்துதான் கோவில்பட்டிக்கு வந்து சேர வேண்டும். ரயிலேறிப் போய் நேரே கடைவாசலில் இறங்கினால் சரித்திரத்தின் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள பசுவந்தனையில் கைலாசநாதர் கோயில் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில், சுற்றுப்பட்டிகளிலிருந்து வந்து இறங்கிய குழந்தைகள் எந்தக் கடையின் முன்னால் முதலில் போய் நிற்பார்கள் என்பது இவ்வூரில் வாழ்கிற எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. இந்தச் சீமையின் கோயில் கொடைகளிலும் சந்தைகளிலும் ஆதியில் விற்ற கடலை மிட்டாய் கருப்பட்டிப் பாகில் கிண்டியது. இன்று நாம் காணும் பொன்னிறத்தை அது அறியாது. கடலையோ தென் அமெரிக்காவில் பிறந்து கப்பலேறி வந்த அந்நியப் பயிர். கருப்பட்டி அப்படியல்ல, அது இந்த மண்ணோடு பிறந்தது. ஆகையால் முதலில் அதற்கே மரியாதை செய்வோம்.

திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காடுகளில், பங்குனி தொடங்கி ஆடி வரையில், விடிவதற்கு முன்னே பனையேறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கிக் கொண்டு வருவது ஆண்களின் வேலை என்றால், அதைப் பெரிய பானையில் ஊற்றி, பனையோலையையும் மட்டையையும் எரித்து, வெயிலோடு அனலும் சேர்ந்து முகத்தில் அடிக்க மணிக்கணக்காய்த் துழாவிப் பதம் பார்த்துச் சிரட்டைகளில் வார்த்துக் கருப்பட்டியாக்குவது பெண்களின் வேலை. நம் நாட்டு மிட்டாய்ச் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் கடை வைத்தவர்களின் பெயரோடு தொடங்குகிறார்கள்; பாகின் பதத்தைக் கண்டுபிடித்த முதல் ஆசிரியைகள் இந்தக் குடிசைகளில் இருந்தவர்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கருப்பட்டியை வடக்கே கொண்டு சென்றவர்கள் நாடார் வியாபாரிகள். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, அடுத்த இரண்டாண்டுகளில் அவன் தம்பி ஊமைத்துரையின் எதிர்ப்பையும் ஒடுக்கிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கும்பினியார், பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்ததோடு, வழிப்போக்கரிடம் வாங்கிவந்த காவல் வரிகளுக்கும் முடிவு கட்டியதால், இந்த வியாபாரிகளுக்கு வழி திறந்தது. கட்டபொம்மனின் வீரத்தில் எனக்கு ஐயமில்லை. அவன் புகழில் ஓர் அணுவும் குறையக் கூடாது. ஆயினும் நம் மேடைகளில் ஐம்பது முறை அவன் பெயர் ஒலித்தால் ஒரு முறையேனும், அதே பாதையில் கத்தியில்லாமல் கம்பை மட்டும் ஊன்றி, இரண்டு மாடுகளையும் ஒரு வண்டிக் கருப்பட்டியையும் நம்பிப் புறப்பட்ட வண்டிக்காரனின் பெயர் ஒலிக்க வேண்டாமா? அவனுக்குப் பெயரே எஞ்சவில்லை.

கரிசல் காட்டுப் பாதையைக் கோடையில் பார்த்தவர்களுக்கு அது வெடித்துக் கிடக்கும் கட்டாந்தரையாகத் தெரியும். ஐப்பசியில் ஒரு மழை இறங்கிவிட்டால் அதே மண் பசையாகிச் சக்கரத்தோடு சுருண்டு ஏறிக்கொள்ள, வண்டி அச்சு வரையில் புதைந்து போகும். மாடு முழங்காலிட்டு விடும். சரக்கோ ஈரம் பட்டால் கசிந்து உருகிப் போகிற கருப்பட்டி. ஓலைப்பெட்டிகளில் கட்டி, மேலே பாயைப் போர்த்தி, வானத்தைப் பார்த்துக் கொண்டே நடந்தார்கள். இரவில் தங்குவதற்கு இடமில்லை. இருந்த ஊர்களிலும் சாதியின் பேரால் சத்திரமும் கிணறும் மறுக்கப்பட்டன. இந்த அவமதிப்பைச் செய்தவர்களைச் சரித்திரம் மன்னித்தாலும் நான் மன்னிக்கச் சித்தமாயில்லை.

அந்த அவமதிப்புக்கு அவர்கள் கொடுத்த பதில்தான் பேட்டை. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தங்குடி, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களிலும் சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலுக்குக் கதவிட்டு, உள்ளே கிணறு வெட்டி, வண்டியும் மாடும் சரக்கும் மனிதரும் அச்சமின்றி இரவைக் கழிக்கும்படி செய்து, அங்கே இறங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் மகிமை என்று ஒரு சிறு தொகையை உறவின்முறை என்னும் தம் சாதிச் சபையின் பொதுநிதிக்கு எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு வியாபாரியின் லாபத்திலிருந்து பிடிக்கப்பட்ட அந்தக் காசுகள் சேர்ந்து கோயிலாயின, கிணறாயின, பள்ளிக்கூடமாயின. விருதுநகரில் 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுப்பணத்தின் பயனேயாகும். பிற்காலத்தில் காமராஜர் என்று நாடு கொண்டாடிய சிறுவன் எழுத்துப் படித்த பள்ளிகளில் அதுவும் ஒன்று. கருப்பட்டி மூட்டையில் பிடித்த மகிமைக் காசு ஒரு முதலமைச்சரைப் படிக்க வைத்தது என்று சொன்னால் அதில் மிகையொன்றுமில்லை.

1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்ததும் வழியிலிருந்த கோவில்பட்டி பருத்தி ஏற்றும் ஊராயிற்று, 1901-இல் அங்கே அரசாங்கத்தார் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வைத்தனர், பஞ்சாலைகள் வந்தன, பின்னர்த் தீப்பெட்டித் தொழிலும் வந்தது. வாரக்கூலி வாங்கும் ஜனங்கள் பெருகிய ஊரில், திருவிழாவுக்குக் காத்திராமல் அன்றாடம் காலணாவுக்கு இனிப்பு கேட்கும் வாடிக்கையும் பெருகும் அன்றோ? பங்குனிக்கும் ஆடிக்கும் இடையே மட்டும் புதிதாய்க் கிடைப்பதும், மழைக்காலத்தில் கசிவதுமான கருப்பட்டியால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

1940-களில், யுத்தத்தின் காரணமாகச் சர்க்கரை கட்டுப்பாட்டுக்குள் இருந்த தசாப்தத்தில், கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் கருப்பட்டியை விடுத்துக் கரும்பு வெல்லத்தில் கடலை மிட்டாய் கிண்டலானார். இந்த மாற்றத்தை அற்பமென்று எண்ணுகிறவர்கள் அடுப்பின் அருகே ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாய்ப் பிளந்த பருப்பு ஒரு பக்கம் காத்திருக்க, கரைத்து வடிகட்டிய வெல்லம் கொப்பளித்து, முதலில் பெரிய குமிழிகளாகவும் பிறகு சிறு குமிழிகளாகவும் அடங்கி வருகையில், ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டி, சட்டியின் விளிம்பில் தட்டுகிறார்கள். ‘டங்’கென்று ஓசை எழுந்தால் பதம். அந்த ஓசைக்கு முன் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். சற்றே தாமதித்தால் முறுகிக் கசக்கும். பருப்பைக் கொட்டிக் கிளறி, மாவு தூவிய பலகையில் சரித்து, உருளைக் கட்டையால் பரப்பி, சூடு ஆறும் முன்பே கத்தியால் வில்லை போட்டுவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்தி இறங்காது, உடையும். வில்லைகளின்மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்ச் சாயமேற்றிய தேங்காய்த் துருவல் நூல்நூலாய்க் கிடக்கும்.

கரிசலில் விளைந்த கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், குழாய் வழியே வரும் தாமிரபரணித் தண்ணீர் ஆகிய மூன்றுமே இந்தச் சுவைக்குக் காரணமென்று ஊரார் சொல்லுவார்கள்; காது கேட்டறியும் அந்தப் பதத்தை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். பிள்ளைகளுக்குத் தந்தையர் இதைத் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை. அடுப்பின் பக்கத்தில் நிறுத்தி வைத்தே கற்பிக்கிறார்கள். குரோகாவா குடும்பத்தார் தம் கடைப்பெயரைத் தலைமுறைதோறும் ஒரே கையில் ஒப்படைத்து வந்தனர். இங்கேயோ ஒரு கடையில் கூலிக்குக் கிண்டியவர் நாளைக்குத் தனி அடுப்பு மூட்டினார். அண்ணன் கடைக்கு எதிரிலேயே தம்பி கடை வைத்தார். ஒரு குடும்பத்தின் கைப்பாகம் பல குடும்பங்களின் சோறாயிற்று. கியோத்தோவின் வழி மிகவும் கண்ணியமானதுதான். எனினும் இரண்டில் எது பெரிதென்று கேட்டால் கோவில்பட்டியின் வழியே என்று தயங்காமல் சொல்வேன், ஏனெனில் பேட்டையும் மகிமையும் கண்ட ஜனங்களுக்குப் பொதுவில் வைத்து வாழ்வது இயல்பாகவே வரும்.

இவ்வாறு பொதுவில் வைத்த பெயரைக் களவாடுவது எளிது. எங்கோ கிண்டி, ‘கோவில்பட்டி’ என்று தாளில் அச்சடித்து விற்கிறவர்களை நான் வியாபாரிகள் என்று மதிப்பதில்லை. கோவில்பட்டி வட்டார உற்பத்தியாளர், விற்பனையாளர் சங்கத்தின் பேரால், அப்போதைய சார் ஆட்சியரின் முயற்சியில், 2014-இல் புவிசார் குறியீட்டுக்கு மனுச் செய்யப்பட்டது. ஆறாண்டுகள் காத்திருந்து, நாடே ஊரடங்கில் கிடந்த 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி அது கிடைத்தது. ஒன்றைமட்டும் கடைக்காரர்களும் வாசகர்களும் மறவாதிருக்க வேண்டும்: குறியீடு கிடைத்ததாலேயே ஒவ்வொரு அடுப்புக்கும் உரிமை வந்துவிடுவதில்லை, உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அதைப் பயன்படுத்தும் உரிமையாளராகத் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும், குறியீட்டையும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெரிய கடைகள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் கணவனும் மனைவியுமாய்க் கிண்டுகிறவர்களின் பெயர்களும் அந்தப் பதிவேட்டில் ஏறுவதற்குச் சங்கத்தார்தான் மனுவை நிரப்பிக் கொடுத்து, கட்டணத்துக்கும் வழிசெய்ய வேண்டும். அதற்குப் பழைய மகிமை முறையே போதும்.

அடுத்த இதழில், 2019-இல் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் அடுப்பங்கரைக்குப் போவோம்.

(தொடரும்)