கல்வெட்டில் பணி நியமனம்

பணியில் சேருபவருக்கு இன்று நியமன ஆணை தரப்படுகிறது. பதவி, ஊதியம், பணியிடம், நிபந்தனைகள் ஆகியவை அதில் இருக்கும். சோழர் காலத்தில் இவற்றைக் கல்லில் வெட்டினர்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (ஏறத்தாழ 1014) இதற்குச் சிறந்த சான்று. பிற கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அது வரிசையாகச் சொல்கிறது. முன்பு இருந்த ஊரும் கோயிலும், இப்போது தரப்பட்ட வீடு எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது என்பதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு; பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. அளவுக் குறைவு அன்றும் பெரிய சச்சரவாக இருந்திருக்க வேண்டும்! நட்டுவர், கணக்கர், தச்சர், நாவிதர் முதலியோருக்கும் பங்குகள் வரையறுக்கப்பட்டன.

இக்கல்வெட்டில் மிக முக்கியமானது வாரிசு விதி. பணியாளர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். உறவினருக்குத் தகுதி இல்லையெனில், தகுதியுள்ள வேறொருவரை அவர்களே அமர்த்திப் பங்கைப் பெறலாம். உறவினரே இல்லாவிடில், அதே பணியில் உள்ள மற்றவர்கள் தக்கவரைத் தேர்ந்தெடுப்பர். பங்கு அவருக்கே சேரும். குடும்பத்தின் பிழைப்பும் கோயில் வேலையும் ஒருங்கே காக்கப்பட்டன. ஆனால், அந்த 400 பெண்களும் விரும்பித்தான் தஞ்சைக்கு வந்தனரா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆணையிட்டவரின் குரல் மட்டுமே கல்லில் இருக்கிறது.

காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடலில் வீரராசேந்திரன் (1063–1070) காலக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிக்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். இன்றைய மாணவருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்து உக்கல் கல்வெட்டு இன்னும் எளியவர்களைப் பற்றியது. அங்கு தண்ணீர்ப் பந்தலுக்கு நீர் இறைப்பவர், நீர் வார்ப்பவர், பானை தருபவர் ஆகியோருக்குத் தனித்தனியே நெல் ஒதுக்கப்பட்டது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பணியாளர்களுக்கு நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது. உக்கலில் தண்ணீர் வார்த்தவருக்கு அது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் கிடைத்திருந்தது.