மணலில் எழுதிய கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் பக்கத்து ஊர்களில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு மறந்திருக்காது. அதன் வெள்ளொளியைத் தந்தது மேண்டில் எனப்பட்ட சிறு வலைப்பை. நெடுங்காலம் அந்த வலை தோரியம் ஏற்றியே செய்யப்பட்டது. தோரியமோ ஓயாது மெல்லிய கதிர்வீச்சை உமிழும் தனிமம். கட்டியக்காரனின் முகத்தை நாம் கண்டது அந்த ஒளியில்தான். அதனால் நமக்குத் தீங்கு நேர்ந்திருக்குமா? சிறு அளவுக் கதிர்வீச்சைப் பற்றிய இந்தக் கேள்வி, தமிழகத்தின் தென்கோடி மணலுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

1909ஆம் ஆண்டு, திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார். அது மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணல். மேண்டில் தொழிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தமையால் அகழ்வு தொடங்கிற்று. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் மணலுக்கு மாநில எல்லை ஏது? அதே கனிமம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துச் சவரா, நீண்டகரைக் கரைகளிலும் செறிந்து கிடக்கிறது. இயற்கைக் கதிர்வீச்சிலிருந்து உலக மாந்தர் ஒருவர் பெறும் ஆண்டுச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். கொல்லம் கரையின் சில இடங்களில், வீட்டுக்கு வெளியே அளந்த ஆண்டளவு 70 மில்லிகிரே வரை எட்டியது. காமாக் கதிரைப் பொறுத்தவரை இவ்விரு அலகுகளும் ஏறத்தாழ ஒன்றே.

இந்த அளவு தீங்கு செய்யுமா என்று மதிப்பிட உலகம் கையில் எடுத்த அளவுகோல் வேறோர் இடத்திலிருந்து வந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தோரை உள்ளடக்கி ஏறத்தாழ 1,20,000 பேரை 1950 முதல் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். முப்பது வயதில் ஒரு கிரே பெற்றவர் எழுபதை எட்டும்போது, அவருக்குத் திண்மப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 47 விழுக்காடு கூடியிருப்பதாக அக்கணக்கு காட்டியது. அந்தக் கோட்டை அப்படியே சுழி வரை நீட்டி, எவ்வளவு குறைந்த அளவுக்கும் அதற்கேற்ற சிறு ஆபத்து உண்டு என்று கொள்வதே இன்றைய பாதுகாப்பு விதிகளின் அடிப்படை. இவ்வழியில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2006இல் தந்த மதிப்பீடு இது: நூறு பேரில் 42 பேருக்கு வாழ்நாளில் பிற காரணங்களால் புற்றுநோய் வரக்கூடும், அந்நூறு பேரும் 100 மில்லிசீவர்ட் பெற்றால் மேலும் ஒருவருக்கு வரலாம்.

அந்த ஒருவரை நாற்பத்திருவரிடையே அடையாளம் காண்பதெப்படி? நோய் தன் பிறப்பிடத்தைச் சொல்வதில்லை. அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதன் விளைவைப் பிரித்தறிய நூறு மடங்கு மக்களை எண்ணவேண்டும். குண்டு ஒரு நொடியில் தந்ததை மணல் ஒரு வாழ்நாள் முழுதும் துளித்துளியாகத் தருகிறது என்பதும் கருதத்தக்கது.

ஆகவேதான் கருநாகப்பள்ளி முக்கியமாகிறது. அவ்வட்டத்துக்கென 1990இல் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் வீடுவீடாகக் கதிர்வீச்சை அளந்தனர். யார் எத்தனை நேரம் வீட்டினுள் இருக்கிறார், எத்தனை நேரம் வெளியே இருக்கிறார் என்றும் கேட்டறிந்தனர். கடலில் இருக்கும் மீனவருக்கும் கரையில் இருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே கணக்கு பொருந்தாதல்லவா? 69,958 பேரை 2005 வரை பின்தொடர்ந்ததில் 1,379 புற்றுநோய்கள் பதிவாயின. கதிர்வீச்சு கூடக்கூட நோய் கூடவில்லை என்பது 2009இல் வெளியான முடிவு. ஆனால் அதன் ஐய எல்லைகள் அகன்றவை: ஒரு கிரேக்கு 58 விழுக்காடு குறைவிலிருந்து 46 விழுக்காடு மிகை வரை. ஜப்பானியக் கணக்கு அந்த மேல்விளிம்பை ஒட்டியே நின்றது. 2017 வரை நீட்டித்து 2021இல் வெளியிட்ட தொடராய்வும் மிகை எதையும் காணவில்லை.

மறுபுறம், பிரான்சு, பிரிட்டன், அமெரிக்க அணுத்தொழிலாளர் 3,09,932 பேரைப் பற்றிய 2023ஆம் ஆண்டு ஆய்வோ, துளித்துளியாகப் பெற்ற கதிர்வீச்சிலும் ஒரு கிரேக்கு 52 விழுக்காடு மிகையான திண்மப் புற்றுநோய் இறப்பு வீதத்தைக் காட்டுகிறது. இரண்டும் நேர்மையான உழைப்பின் விளைவுகள்; இன்னும் ஒன்றோடொன்று இசையவில்லை.

இது ஏட்டுப் பிணக்கு அன்று. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் 2024இல் கடற்கரை மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. இத்தகைய வழக்குகளில் ஒரு சாரார் ‘தீங்கே இல்லை’ என்றும், மறுசாரார் ‘இந்த ஊரின் ஒவ்வொரு புற்றுநோயும் மணலால் வந்தது’ என்றும் சொல்லிவிடுவது எளிது. இதுவரை கிடைத்த கணக்கு இரண்டு கூற்றுக்கும் சான்று தரவில்லை.

மேண்டிலுக்கு நேர்ந்த தீங்கு என்று நம்மில் யாரும் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. இருந்திருந்தால் அது எண்ணிப் பிரிக்க இயலாத அளவுக்குச் சிறிது. ஆனால் மணல்மேல் வாழ்பவரின் கேள்வி வேறு. அவருக்கு ஆறுதல் மொழியோ அச்சமூட்டலோ வேண்டியதில்லை. அவர் வீட்டுத் தரையின் அளவும், அவர் ஊரில் நோயுற்றோர் எண்ணிக்கையும், அவ்வெண்ணிக்கையின் ஐய எல்லையும் அவர் மொழியில் அவருக்குத் தெரியவேண்டும். அகழ்வுக்கு முன்பே தொடங்கி அதன் பின்பும் தொடரும் ஒரு பதிவேடு அதற்கு வேண்டும். கருநாகப்பள்ளியின் முப்பதாண்டுப் பதிவேடு நமக்குக் கற்றுத்தருவது அதைத்தான்.