கங்காரு தாய்ப் பராமரிப்பு
குறைமாதத்திலோ 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு நிமிர்த்தி அணைத்து, துணியால் கட்டிவைக்கும் முறை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத நெருக்கடியில், 1978இல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியது. குழந்தைக்குக் குல்லாய், காலுறை, அணையாடை மட்டும்; முகம் ஒருபக்கம் திரும்பி, கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கும். தாயின் உடற்சூடு குளிரைத் தடுக்கும். பாலும் வாய்க்கெட்டும் தூரத்தில். அம்மா குளிக்கப் போனால் அப்பாவோ பாட்டியோ ஏந்தலாம். ஏழை நாடுகளுக்கான மாற்று என்றே நெடுநாள் இதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்ததுமே தொடங்கியபோது சிசு இறப்பு 25% குறைந்தது. அதற்காகத் தாயின் கட்டிலையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட வேண்டியிருந்தது.