ஆவடித் தீர்மானமும் வேட்பாளர் நிலைப்பாடும்

தேர்தலில் நிற்பவர் தம் நிலைப்பாட்டை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு தமிழ்நாட்டில் வாக்குரிமைக்குப் பின்னரே மெல்ல உருவானது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கையில், நிலம், மனை, வயது, கல்வி ஆகியவற்றை வரையறுத்து, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரை விலக்குகின்றன. எனினும், ஓலையை எடுப்பது விவரமறியாச் சிறுவன் என்பதால், ஒருவரது கருத்தைக் கேட்டுத் தேர்வதற்கு அம்முறையில் இடமில்லை.

வயதுவந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்ற 1951-52 பொதுத்தேர்தலில் நிலைமை மாறியது. அத்தேர்தலில் போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகம், சட்டமன்றத்தில் திராவிட நாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதாகக் கையெழுத்திட்டவர்களுக்குத் துணைநின்றது. அந்த ஆதரவைப் பெற்றவற்றுள் வட ஆர்க்காட்டிலும், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய ஊர்கள் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்திலும் செல்வாக்குடைய காமன்வீல் கட்சியும் ஒன்றாகும். 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ், ராஜாஜி தலைமையில் அமைச்சரவை அமைத்தபோது, காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அதில் அமைச்சரானார். கையெழுத்திட்ட அந்த உறுதிமொழியை வாங்கியது ஒரு கட்சியே அன்றி வாக்காளர் அல்லர் என்பதால், அதை மீறியவர்கள் தொகுதிக்கு விளக்கம் சொல்லும் கட்டாயமும் எழவில்லை.

1955 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு வேறொரு முன்மாதிரியைத் தந்தது. முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க, செல்வம் நியாயமாகப் பகிரப்படும் அமைப்பை, அதாவது 'சோஷலிச பாணிச் சமுதாயத்தை', அது குறிக்கோளாக அறிவித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அதன் தடத்திலேயே சென்றது. 1957 தேர்தலில் சென்னை மாநில வாக்காளர்கள் 205 இடங்களில் 151ஐக் காங்கிரசுக்கு அளித்தனர். அறிவித்த நிலைப்பாடு எதிர் நிலைப்பாட்டையும் வரவழைத்தது: அரசின் தலையீட்டைக் குறைக்க வேண்டுமென ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்க, 1962இல் வாக்காளர் முன் இரண்டு பொருளாதாரப் பாதைகள் வெளிப்படையாக நின்றன. அரசு முன்னின்று தொழில் வளர்த்ததன் அடையாளங்களை ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலும், 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அப்பகுதி மக்களே கண்டு எடைபோட முடிந்தது.

உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின், வேட்பாளர் வேட்புமனுவுடன் பிரமாணப் பத்திரம், அதாவது உறுதியளித்துக் கையொப்பமிடும் ஆவணம், தாக்கல் செய்கிறார். நகையின் எடை, நிலத்தின் சர்வே எண், வாகனம், கடன், குற்ற வழக்கு என அனைத்துக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி அவர் என்ன கருதுகிறார் என்பதற்கு இடமில்லை. தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என 2013இல் கூறிய அதே நீதிமன்றம், அவற்றுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. ஆயினும் அறிக்கை கட்சியுடையது, தொகுதியின் ஏரியும் சாலையும் அதில் அரிதாகவே இடம்பெறும்.

உத்திரமேரூர்ச் சபை கணக்குக் காட்டாதவரை விலக்க முடிந்ததற்குக் காரணம், அவர் ஒப்படைக்க வேண்டிய கணக்கு இன்னதென்று முன்பே தெரிந்திருந்ததாகும். நிலைப்பாட்டை எழுதித் தராத வேட்பாளரிடம் ஐந்தாண்டு கழித்துக் கேட்பதற்கு அத்தகைய கணக்கு எதுவும் வாக்காளர் கையில் இருப்பதில்லை.