யாருடைய விளம்பரம்? தமிழ் எழுத்தும் சிறு வருமானமும்

(இணையவழி இலக்கியக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு இங்கே பிளானோவில் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஞாயிறு காலை பத்து. சென்னையில் ஏழரை, பலர் காபியோடு உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஆய்வாளர் இல்லை. நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வார்டில் வேலை பார்க்கிறேன், இடையில் கொஞ்சம் எழுதுகிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துக்கொண்டு ஒரு பழைய விஷயத்தின் வரலாற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரம் வருகிறது. அதனால் எழுதியவருக்கு ஒரு சிறு தொகை கிடைக்கிறது. இணையத்தில் எழுதும் யாராவது "மாதம் கொஞ்சம் விளம்பரக் காசு வருது" என்று சொன்னால், உடனே இரண்டு கேள்விகள் வரும். "எவ்வளவு வருது?" என்பது ஒன்று. "அப்ப காசுக்காகத்தான் எழுதுறீங்களா?" என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை: "யாருடைய விளம்பரம்?" இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு ஆரம்பத்தில் விளம்பரக் காசு பெரிய விஷயமாக இருக்கவில்லை. 1841 இல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தொடங்கியபோது அதற்குப் பின்னால் அமெரிக்க மிஷன் இருந்தது. அச்சகமும் மிஷனுடையது. கிறிஸ்தவப் பெண்ணாக எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் கொடையில் நடக்கும் பத்திரிகைக்குக் கொடுப்பவர் கை சுருங்கினால் மூச்சு நின்றுவிடும், கொடுப்பவருக்குப் பிடிக்காததை எழுதுவதும் கஷ்டம். அடுத்த வழி சந்தா. அது கௌரவமான வழி. ஆனால் நம்மவர்கள் சந்தா கட்டும் அழகை இங்கே உட்கார்ந்திருக்கும் சிற்றிதழ்க்காரர்களிடம் கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வார்கள்.

மூன்றாவது வழியை அதே காலத்தில் மேற்கு நாடுகள் கண்டுபிடித்தன. 1833 இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே 'சன்' என்ற நாளிதழை ஒரு சென்ட் விலையில் விற்றார். 1836 இல் பாரிசில் எமில் டி ஜிரார்தான் 'லா பிரெஸ்' தொடங்கி, மற்ற நாளிதழ்களின் ஆண்டுச் சந்தா 80 பிராங்க் இருந்தபோது 40 பிராங்க் என்று அறிவித்தார். பாதி விலையில் எப்படிக் கட்டுப்படியாகும்? மீதியை விளம்பரதாரர் கொடுப்பார். விளம்பரதாரர் கொடுக்க வேண்டுமென்றால் வாசகர் தினமும் வரவேண்டும். வாசகர் வர என்ன செய்வது? தொடர்கதை போடு! அந்த ஆண்டே பால்சாக்கின் கதை அதில் தொடராக வந்தது. "அடுத்து என்ன ஆகுமோ" என்று நாம் காத்திருந்து படித்த தொடர்கதை என்ற வடிவம் அங்கே செழித்ததற்கு விளம்பரக் கணக்கும் ஒரு காரணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1906 இல் சென்னையில் தொடங்கியது. அடக்குமுறைக்குத் தப்பி 1908 இல் புதுச்சேரிக்குப் போனது, 1910 இல் நின்றது. ஆங்கிலேயர் பகுதிக்குள் இதழ் நுழையக் கூடாது என்றால் வாசகர் இல்லை. வாசகர் இல்லை என்றால் சந்தாவும் இல்லை, விளம்பரமும் இல்லை. பத்து வருடம் கழித்து, 1920 இல் கடயத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், அதற்கு நண்பர்கள் கடன் தரவேண்டும் என்றும் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் புத்தகங்கள் பரவலாக விற்கும் என்பது அவர் நம்பிக்கை. பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் போய்விட்டார். பாரதிக்கே எழுத்தில் சம்பாதிக்க ஆசை இருந்தது, கணக்கும் இருந்தது. இதைச் சொல்லக் காரணம், "காசுக்காகவா எழுதுறீங்க" என்று கேட்பவர்களுக்குப் பதிலாக அந்தச் சுற்றறிக்கையைக் காட்டலாம் என்பதுதான்.

அடுத்தவர் எஸ்.எஸ். வாசன். பூதூர் வைத்தியநாதையர் 1926 இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' தள்ளாடிக்கொண்டிருந்தது. வாசன் அப்போது பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் இளைஞர், தபாலில் பொருள் விற்கும் வியாபாரமும் உண்டு. 1928 இல் அந்தப் பெயரை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஆ-ன-ந்-த-வி-க-ட-ன், எட்டு சரியாக வரும். தமிழ் வெகுஜன இதழியலின் பெரிய கதை இப்படி ஒரு விளம்பர ஏஜெண்டின் கையில் தொடங்கியது. பரிசுப் போட்டி, குறுக்கெழுத்து, நகைச்சுவை, தொடர்கதை என்று வாசகர்களைப் பெருக்கினார். அந்தப் பெருக்கத்தில்தான் கல்கி என்ற எழுத்தாளருக்கு மாதச் சம்பளமும் லட்சக்கணக்கான வாசகர்களும் கிடைத்தார்கள். 1941 இல் கல்கி வெளியேறி சதாசிவத்தோடு சொந்த இதழ் தொடங்கியபோது, முதலுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். ஆரம்ப முதலை ஒரு பாட்டு தரலாம். வாராவாரம் அச்சுக்கூலி கொடுக்க விளம்பரமும் விற்பனையும் வேண்டும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தடையில்லாமல் வந்ததற்குப் பின்னால் அப்படி ஓர் அலுவலகம் இயங்கியது.

ஆகவே விளம்பரக் காசு தீட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதை வேண்டாம் என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். அவருடைய காரணம் வெளிநாட்டில் வாழும் நாம் அவசியம் கேட்க வேண்டிய காரணம்.

1903 இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்களுக்காகத் தமிழ்ப் பகுதி இருந்தது, சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. காந்தி தன் வக்கீல் சம்பாத்தியத்திலிருந்து ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுண்டு வரை அதற்குக் கொடுத்தார். ஆரம்பத்தில் விளம்பரம் வாங்கினார்கள். பிறகு நிறுத்தினார்கள். ஏன் என்று 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்' நூலில் காந்தி விளக்குகிறார். விளம்பரம் கேட்டு அலைவதற்கே நல்ல ஆட்கள் சிலரை ஒதுக்க வேண்டியிருந்தது, விளம்பரதாரர்களை முகஸ்துதி செய்ய வேண்டியிருந்தது. எதைப் போடலாம், எதைத் தள்ளலாம் என்பதும் தினசரித் தலைவலி. தகாத விளம்பரம் என்று தெரிந்தும் மறுக்க முடியாமல் போகும், ஏனென்றால் கொடுப்பவர் சமூகத்தில் பெரிய மனிதர், கோபித்துக்கொள்வார்.

அந்த இடத்தைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். டல்லாசோ, எடிசனோ, ஃப்ரீமாண்டோ, எந்த ஊர்ச் சங்க மலர் போட்டவரும் இதைத் தன் அனுபவமாகவே சொல்வார்! நூற்றுப் பத்து வருடத்துக்கு முந்தைய டர்பன் நமக்கு அவ்வளவு பக்கம்.

தகாத விளம்பரம் என்றால் என்ன? இங்கே நர்ஸ் பேசுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பத்திரிகைகளைப் பெருமளவு தாங்கியவை மருந்து விளம்பரங்கள். சகல நோய்க்கும் ஒரே புட்டி. உள்ளே சாராயம் இருக்கும், சிலவற்றில் அபின் இருக்கும். 1892 இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இனிமேல் இந்த விளம்பரம் வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. 1905 இல் 'கோலியர்ஸ்' இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் அந்தப் புட்டிகளுக்குள் இருந்ததைத் தொடர் கட்டுரைகளில் அம்பலப்படுத்தினார். மறு ஆண்டு உணவு, மருந்துச் சட்டம் வந்தது. கவனியுங்கள், நோயைப் பரப்பியதும் பத்திரிகைப் பக்கம், மருந்து கொடுத்ததும் பத்திரிகைப் பக்கம்.

நம் பக்கத்திலும் மருந்தும் எழுத்தும் கூடப்பிறந்தவை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893 இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலம் தொடங்கினார். 1908 இல் 'ஆந்திர பத்திரிகா'வை ஆரம்பித்து 1914 இல் சென்னைக்குக் கொண்டுவந்தார். நம் தலைவலி தெலுங்குப் பத்திரிகையை வளர்த்தது என்று சொல்லலாம், அது தகுந்த மருந்து, சரி. ஆனால் பழைய தமிழ் இதழ்களைப் புரட்டினால் இழந்த வாலிபத்தை மீட்கும் லேகியங்களும் தபாலில் வரும் அதிசய மாத்திரைகளும் இலக்கியத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். 1954 இல் இந்திய அரசு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் கொண்டுவந்தது. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். சட்டம் இன்னும் இருக்கிறது. விளம்பரமும் இருக்கிறது.

இப்போது இணையத்துக்கு வருகிறேன். 2003 ஜூனில் கூகுள் 'ஆட்சென்ஸ்' தொடங்கியது. யாருடைய பக்கத்திலும் விளம்பரம் போட்டு அவரோடு வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. தமிழ் வலைப்பூக்கள் முளைத்ததும் அதே காலம்தான், 2004 இல் 'தமிழ்மணம்' திரட்டி வந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டில் தமிழ் அங்கீகரிக்கப்பட்ட மொழியாக இல்லை. இந்திக்கு 2014 டிசம்பரில் வழி திறந்தது, தமிழுக்கு 2018 பிப்ரவரியில். இடைப்பட்ட பதினைந்து வருடம் நம்மவர்கள் சும்மா எழுதினார்கள், உற்சாகமாக எழுதினார்கள். அதில் இந்த நாட்டுக்கு எச்-4 விசாவில் வந்து, படிப்பு இருந்தும் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த பெண்கள் எத்தனை பேர்! 2015 இல் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது. அனுமதி இல்லாதவர்களுக்கு அந்தச் சின்ன விளம்பரக் காசுகூட விசாவுக்கு வினையாகுமோ என்ற பயம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

வருமானம் எவ்வளவு? ஆயிரம் பார்வைக்கு ஒரு டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் சேர்ந்தால்தான் கூகுள் அனுப்பும். அப்படியானால் ஒரு லட்சம் பார்வை வேண்டும். இன்னொரு வேடிக்கை, விளம்பரதாரர் கொடுக்கும் விலை வாசகர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. ஒரே கட்டுரையைப் பாளையங்கோட்டையில் ஒருவர் படித்தாலும் பிளானோவில் ஒருவர் படித்தாலும் சந்தையில் இங்குள்ள கண்ணுக்குத்தான் விலை கூடுதல். எழுத்தாளருக்கு இரண்டு வாசகரும் ஒன்றுதான், ஏலக் கணக்கில் அப்படி இல்லை.

தொகையின் சிறுமையை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழை விதவையின் இரண்டு காசை உயர்வாக மதித்த மரபில் வளர்ந்தவள் நான். இணையத்தின் இடத்துக்கு ஆண்டு வாடகை கட்டவும், ஊரிலிருந்து நாலு புத்தகம் வரவழைக்கவும் அது உதவினால் நல்லதுதான். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை 119 இதழ்கள் நடத்தி, புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றார். அவருக்கு மாதம் அப்படி ஒரு தொகை வந்திருந்தால் யாரும் குறைந்துபோயிருக்க மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. வாசன் காலத்தில் ஒரு விளம்பரம் பக்கத்தில் ஏறுவதற்கு முன் ஒரு மனிதர் அதைப் பார்த்தார். தவறாக ஏற்றுக்கொண்டிருந்தாலும் அவர் பெயர் இதழின் முகப்பில் இருந்தது, போய்ச் சண்டை போடலாம். இன்று எழுதுகிறவருக்கே தன் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, உங்கள் மாமியாருக்கு ஒன்று என்று இயந்திரம் ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பேரன் பிறந்ததற்கு ஊரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஒரு தமிழ்த் தளத்தில் சர்க்கரை நோய் பற்றி ஒரு நல்ல கட்டுரை படித்தார். தளத்தின் பெயர் வேண்டாம். கட்டுரை சரியானது, பக்கத்தில் வந்தது ஒரு பொடி விளம்பரம். "நல்ல கட்டுரைக்குப் பக்கத்துல இருக்கே, அவங்களே சொன்ன மாதிரிதானே?" என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பார்வையாளர் விசாவில் வந்தவருக்கு இங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் என்ன செலவு என்று உங்களுக்குத் தெரியும். நல்ல வேளையாக, மகள் சீக்கிரம் கவனித்துவிட்டாள். அந்த அம்மாவின் தர்க்கத்தில் என்ன தப்பு? பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரை நமக்கு வேண்டியவர் என்றுதானே நினைப்பார்கள்?

அந்தப் பொடிக்காரர் விலை கொடுத்து வாங்கியது எழுதியவர் மேல் அந்த அம்மா வைத்திருந்த நம்பிக்கையை. எழுதியவருக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடைத்திருக்காது.

இதற்கு மாற்று உண்டா? நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு விரிகுடாப் பகுதியில் தொடங்கிய 'தென்றல்' மாத இதழ். இந்திய மளிகைக் கடைகளில் இலவசமாகக் கிடைத்தது, விளம்பரத்தில் நடந்தது. அத்தகைய இதழ்களில் யார் விளம்பரம் கொடுப்பார்கள்? வீடு விற்பவர், குடியேற்ற வக்கீல், பல் டாக்டர், நடனப் பள்ளி டீச்சர், கேட்டரிங் செய்பவர். எல்லோரும் விலாசம் உள்ளவர்கள், பொங்கல் விழாவில் எதிரே வருபவர்கள். காந்தி சொன்ன பெரிய மனிதர் தொல்லை இதில் உண்டுதான், ஆனால் கேட்க ஒரு முகமும் உண்டு.

அதனால் இணையத்தில் தனியாக எழுதும் நண்பர்களுக்கு என் கருத்து இதுதான். விளம்பரக் காசை வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இயந்திர விளம்பரத்திலும் சில வகைகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது, ஒரு மணி நேரம் செலவழித்து அதைச் செய்யுங்கள். உடல்நலம் பற்றி எழுதினால் அந்தப் பக்கத்தில் விளம்பரமே வேண்டாம். முடிந்தால் தெரிந்த புத்தகக்கடைக்காரரிடமோ தமிழ்ப் பள்ளியிடமோ நேரடியாகக் கேளுங்கள். தொகை குறையும், பரவாயில்லை. மாதத்துக்கு ஒரு முறை உங்கள் பக்கத்தை உங்கள் அம்மாவின் போனில் திறந்து பாருங்கள். என்ன தெரிகிறது என்று அப்போது தெரியும்.

கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.