கதை வகுப்பு ஆக்கிய எழுத்தாளர்கள்

எழுத்தாளராக வேண்டும் என்று எண்ணிப் புறப்படாமலே எழுத்தாளரானவர் மலேசியத் தமிழரிடையே பலர். 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ தொடங்கினர். சிறுகதை இலக்கணத்தைப் பாடமாக எழுதிப் பயிற்சி தந்தனர், தேர்வும் வைத்தனர். செய்தி படிக்க இதழை வாங்கியவர் கதை எழுத நேர்ந்தது.

தோட்டத் தமிழ்ப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றுவிடும். கோலா தெர்லா போன்ற மலைத்தோட்டங்களில் கொழுந்து பறித்தோர் வீட்டுப் பிள்ளைக்கு அதற்குமேல் தமிழ் பயில அன்று நாளிதழே துணையாக இருந்தது. இலக்கணம் சொல்லிக் கதை வருமா என்பார் உளர். எழுதும் துணிவு வந்ததே பெரிது என்பேன்.

1953இல் தமிழ் நேசன் ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டக் கூட்டங்களில் அத்துணிவுக்குத் திறனாய்வையும் சேர்த்தார். 2019இல் தமிழ் நேசன் நின்றுவிட்டது. கதை வகுப்புப் பாடங்களைத் தொகுத்துக் காக்கும் பணி நம் துறைகளுக்கு உரியது.